தொட்டுவிட்டு விலகும் பெப்டைடுகள்: நானோமீட்டர் அளவில் செல்லைப் படமெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைக்ரோஸ்கோப் அறைக்கு வருகிறவர்கள் கேட்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்தால், ஒவ்வொரு புது மாணவரிடமும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது. அதற்காகத்தான் இந்தப் பக்கம். செல்லுக்கு உள்ளே சாரம் கட்டியதுபோல் ஓடும் ஆக்டின் என்ற புரதத்தின் நாரும், அதன்மேல் வந்து ஒட்டும் லைஃப்ஆக்ட் என்ற சின்னப் பெப்டைடும் (புரதத்தைப் போலவே அமினோ அமிலங்கள் கோத்த, ஆனால் குட்டிச் சங்கிலி) பல பதில்களில் திரும்பத் திரும்ப வரும். நான் அன்றாடம் கையாள்வது அவற்றைத்தான்.

சாதாரண ஒளிர்வு மைக்ரோஸ்கோப்பில் அப்படி என்ன குறை?

பள்ளியில் படித்த விளிம்பு விளைவுதான் குறை. ஒரே ஒரு சாய மூலக்கூறு, அளவில் ஒரு நானோமீட்டர்தான் இருக்கும். அது விடும் ஒளி லென்ஸைத் தாண்டிக் கேமராவில் விழும்போது சுமார் 200 நானோமீட்டர் அகலமுள்ள மங்கல் திட்டாகிவிடுகிறது. எர்ன்ஸ்ட் அபே 1873-ல் சொன்ன எல்லை இது: அலைநீளத்தை லென்ஸின் எண்துளையால் (எவ்வளவு சாய்ந்து வரும் ஒளியை லென்ஸ் பிடிக்கும் என்ற அளவு) வகுத்து, அதில் பாதி. 580 நானோமீட்டர் ஒளிக்கு 1.49 எண்துளையுள்ள லென்ஸ் போட்டாலும் 195 நானோமீட்டர்தான் கிடைக்கும். ஆக்டின் நாரின் தடிமனோ சுமார் 7 நானோமீட்டர். அருகருகே பத்து நார் ஓடினாலும் படத்தில் ஒரே கயிறாகத்தான் தெரியும். லென்ஸுக்கு எவ்வளவு செலவழித்தாலும் இது மாறாது.

பிறகு எப்படித் தாண்டுகிறார்கள்?

கார்த்திகை அன்று தூரத்து வீட்டு மதில்மேல் வரிசையாக அகல் எரிவதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்ந்து எரிந்தால் ஒரே வெளிச்சப் பட்டை. எத்தனை விளக்கு என்று எண்ண முடியாது. ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தால், ஒவ்வொரு வெளிச்சமும் மங்கலாகத் தெரிந்தாலும் அதன் நடுப்புள்ளி எங்கே என்று குறித்துக்கொண்டே வரலாம். குறிப்புகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் மதிலின் வடிவம் வந்துவிடும்.

மங்கல் திட்டின் அகலம் வேறு, அதன் மையத்தை எவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும் என்பது வேறு. திட்டின் பரவல் 120 நானோமீட்டர் என்றும், அதிலிருந்து 400 ஃபோட்டான் (ஒளித்துகள்) கிடைத்தது என்றும் வையுங்கள். மையத்தின் பிழை 120-ஐ 400-ன் வர்க்கமூலமான 20-ஆல் வகுத்தால் வரும்: 6 நானோமீட்டர். பின்னணி வெளிச்சம் இதைக் கொஞ்சம் கெடுக்கும், ஆனாலும் அபேயின் எல்லையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம்.

ஒரே நேரத்தில் எல்லாம் எரியாமல் பார்த்துக்கொள்ளத்தான் விதவிதமான வழிகள். 2006-ல் வந்த பாம் (PALM), ஸ்டார்ம் (STORM) என்ற முறைகள் இரண்டும் சாயத்தையே அணைத்து ஏற்றுகின்றன. அதே ஆண்டு ஷரோனோவும் ஹாக்ஸ்ட்ராசரும் வேறு ஒரு தந்திரம் செய்தார்கள். நைல் ரெட் என்ற சாயத்தைக் கரைசலில் மிக நீர்க்க விட்டு, அது கொழுப்புப் படலத்தில் வந்து மோதும்போது மட்டும் ஒளிர்வதைப் பிடித்தார்கள். அதற்குப் பெயர் பெயின்ட் (PAINT). நம் பெப்டைடு முறை இந்தக் கிளையில் வந்தது. 2014-ல் பெட்சிக், ஹெல், மோர்னர் மூவருக்கும் கிடைத்த வேதியியல் நோபல் இந்தத் துறை முழுவதையும் பிரபலமாக்கியது.

இதில் பெப்டைடு என்ன செய்கிறது?

நைல் ரெட் கொழுப்பைக் கண்டால் போய் ஒட்டும். நமக்கு வேண்டியது குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் ஒட்டும் ஒன்று. சில அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி அந்த வேலையைச் செய்யும். அதன் வாலில் ஒரு சாயத்தைக் கட்டி, செல்லின்மேல் இருக்கும் பஃபரில் (அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசல்) விட்டுவிடுகிறோம். ஒரு பெப்டைடு வந்து ஆக்டினில் உட்காரும், ஒரு நொடியின் ஒரு பகுதி இருக்கும், போய்விடும். அடுத்தது வேறொரு இடத்தில் உட்காரும். தாமரை இலைத் தண்ணீர் போல ஒட்டியும் ஒட்டாமலும் இருப்பதுதான் அதன் உத்தியோகம்.

திரையில் பார்த்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். கறுப்புத் திரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் மின்னும். ஐந்து நிமிடம் கழிந்தும் அப்படியேதான். நார் எங்கே என்று கேட்பார்கள். ஒரு ஃப்ரேமில் நார் இருக்காது. 100 மில்லிநொடி வீதம் 20,000 ஃப்ரேம், அதாவது அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகம் எடுத்து, ஒவ்வொரு புள்ளியின் மையத்தையும் கணினி குறித்த பிறகுதான் அது தெரியும்.

பலமாக ஒட்டும் பொருள்தானே நல்லது? பலவீனமாக ஒட்டுவதை ஏன் தேடுகிறீர்கள்?

உயிர்வேதியியல் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இதை நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. அவர்கள் ஆண்டுக்கணக்கில் பழகியது எதிர்த்திசையில். பிணைப்பு எவ்வளவு பலமோ அவ்வளவு நல்லது என்பது அவர்கள் பாடம்.

ஃபாலாய்டினைப் பாருங்கள். அதுவும் ஏழு அமினோ அமிலம் கொண்ட பெப்டைடு வளையம்தான், நச்சுக்காளான் ஒன்றிலிருந்து வந்தது. ஆக்டினைப் பிடித்தால் லேசில் விடாது. சாதாரண மைக்ரோஸ்கோப்புக்கு அதைவிட நல்ல ஆக்டின் சாயம் கிடையாது என்றே சொல்வேன். ஆனால் அது ஒட்டி, சாயம் வெளுத்துவிட்டால் அந்த இடம் அதோடு தீர்ந்தது. இருக்கையில் துண்டு போட்டுவிட்டுத் தூங்கிவிட்ட பயணி மாதிரி. தானும் தெரியமாட்டார், அடுத்தவரையும் உட்காரவிடமாட்டார்.

லைஃப்ஆக்ட் அப்படியில்லை. ஈஸ்டின் ஏபிபி140 என்ற புரதத்தின் முதல் 17 அமினோ அமிலங்கள்தான் லைஃப்ஆக்ட். 2008-ல் அறிமுகமானது. ஆக்டின் நாரோடு அதன் பிணைப்பு மைக்ரோமோலார் அளவில் பலவீனமானது (மோலார் என்பது செறிவின் அலகு; மைக்ரோமோலார் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, நானோமோலார் நூறு கோடியில் ஒரு பங்கு). வந்த பெப்டைடின் சாயம் வெளுத்தாலும் கவலையில்லை, அது எப்படியும் எழுந்து போகப்போகிறது. புதுச் சாயத்தோடு அடுத்தது வரும். இடத்துக்கு ஒரு முறைதான் என்ற கணக்கு இல்லாததால், நேரம் கொடுத்தால் ஏறக்குறைய எல்லா இடத்தையும் குறித்துவிடலாம். 2015-ல் ஜப்பானில் நவோகி வதனபே குழு ஐரிஸ் என்ற பெயரில் வெளியிட்டது இதைத்தான். லைஃப்ஆக்டையும் வேறு சில புரதத் துண்டுகளையும் மாற்றி மாற்றி விட்டு, ஆக்டின், மைக்ரோடியூப்யூல் என்ற நுண்குழல்கள், இடைநிலை நார்கள், செல் தரையைப் பிடித்திருக்கும் ஒட்டுமுனைகள் ஆகிய நான்கையும் ஒரே செல்லில் நெருக்கமாகப் படமெடுத்தார்கள்.

எவ்வளவு செறிவில் விட வேண்டும்? ஒரு எண் சொல்லுங்களேன்.

எண் சொல்வதைவிடக் கணக்கைச் சொல்கிறேன். ஒட்டும் வேகம் மோலாருக்கு, நொடிக்கு 10⁷ என்றும், ஒட்டியிருக்கும் நேரம் 0.1 நொடி என்றும் வைத்துக்கொள்வோம். பிணைப்பு மாறிலி, அதாவது பாதி இடங்கள் நிரம்பத் தேவையான செறிவு, 1 மைக்ரோமோலார் வருகிறது. லைஃப்ஆக்ட் வகைப் பெப்டைடுக்குப் பொருத்தமான அளவுதான்.

10 நானோமோலாரில் விட்டால் ஒரு இடத்துக்கு 10 நொடிக்கு ஒரு முறை பெப்டைடு வரும். 0.1 நொடி ஒளிரும். அதாவது ஒவ்வொரு இடமும் 100-ல் ஒரு பங்கு நேரம் எரிகிறது. குறைவுதானே என்று தோன்றும். ஆனால் ஆக்டின் நாரில் 2.7 நானோமீட்டருக்கு ஒரு அலகு. 200 நானோமீட்டர் திட்டுக்குள் 70-க்கு மேல் இடங்கள். ஒரே நாரிலேயே எந்த நேரம் பார்த்தாலும் கிட்டத்தட்ட ஒன்று எரிந்துகொண்டிருக்கும். இரண்டு சேர்ந்து எரியும் தருணங்களும் நிறைய. பத்து நார் சேர்ந்த கட்டு என்றால் மதில் முழுக்க அகல் எரிகிற கதைதான்.

1 நானோமோலாருக்கு இறங்கினால் அதே பத்து நார்க் கட்டிலும் ஒரு திட்டுக்குச் சராசரி 0.7 ஆகிறது. இன்னும் இறங்கலாம். ஆனால் இறங்க இறங்க அரைமணி நேரம் மூன்று மணி நேரமாகும். ஆகவே உங்கள் மாதிரியில் எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்தது. செல்லின் மெல்லிய ஓரத்துக்குச் சரியாக இருக்கும் செறிவு, நடுவில் ஓடும் தடித்த கட்டுகளுக்கு அதிகமாக இருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் நன்றாக எடுத்ததாக யாராவது சொன்னால் மூல ஃப்ரேம்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கரைசலில் மிதக்கும் பெப்டைடுகளும் ஒளிருமே, அவை படத்தைக் கெடுக்காதா?

கெடுக்கும், ஆனால் புள்ளியாக அல்ல. கட்டில்லாமல் மிதக்கும் பெப்டைடு 100 மில்லிநொடியில் சில மைக்ரோமீட்டர் ஓடிவிடும். அதன் ஒளி படம் முழுக்கத் தெளித்த மாதிரி மங்கல் பின்னணியாகிறது. ஒட்டி நின்றதன் ஒளி மட்டும் ஒரே இடத்தில் குவிகிறது. பின்னணியைக் குறைக்க லேசரைச் சாய்த்து, கண்ணாடிக்கு மேலே 100 முதல் 200 நானோமீட்டர் வரை மட்டும் வெளிச்சம் படும்படி வைப்போம். டிர்ஃப் (TIRF) என்பது அதுதான். இதனால் செல்லின் அடிப்பகுதியைத்தான் நன்றாகப் பார்க்க முடியும். தடித்த திசு கொண்டுவருகிறவர்களை இந்த இடத்தில்தான் கையைப் பிசைய வைக்கிறேன்.

ஆன்டிபாடி கைவசம் இருக்கிறதே, அதையே பயன்படுத்தினால் என்ன?

பயன்படுத்தலாம், பலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஆன்டிபாடியின் (குறிப்பிட்ட ஒன்றை மட்டும் பிடிக்கும் நோயெதிர்ப்புப் புரதம்) நீளம் மட்டும் 10 நானோமீட்டருக்கு மேல். அதன்மேல் இரண்டாம் ஆன்டிபாடி, அதன்மேல் சாயம் என்று அடுக்கினால், சாயம் இருக்கும் இடமும் புரதம் இருக்கும் இடமும் 20 நானோமீட்டர் வரை விலகிப்போகும். 6 நானோமீட்டர் துல்லியத்தில் தவறான இடத்தைக் குறித்து என்ன பயன்? நெருக்கமான இடத்தில் ஒரு ஆன்டிபாடி உட்கார்ந்தால் பக்கத்து இடத்தையும் மறைத்துவிடும். பெப்டைடு ஓரிரு நானோமீட்டர்தான்.

டிஎன்ஏ-பெயின்ட் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

தத்துவம் ஒன்றே. 2010-ல் ரால்ஃப் யுங்மனும் கூட்டாளிகளும் தொடங்கியது. புரதத்தில் ஒரு குட்டி டிஎன்ஏ இழையைக் கட்டி, அதற்கு இணையான இழையைச் சாயத்தோடு கரைசலில் விடுவார்கள். எழுத்துகளைக் கூட்டிக் குறைத்து ஒட்டும் நேரத்தை விருப்பம்போல் மாற்றலாம். அந்த ஒழுங்கு பெப்டைடில் கிடையாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால் பிணைப்பு பத்து மடங்கு மாறலாம், ஒன்றுமே மாறாமலும் இருக்கலாம், பிணைப்பே போய்விடவும் செய்யலாம்.

மறுபக்கம், டிஎன்ஏ இழையைப் புரதத்தில் கட்டப் பெரும்பாலும் ஆன்டிபாடியோ வேறு இடைத்தரகரோ வேண்டும். லைஃப்ஆக்ட் மாதிரிப் பெப்டைடு நேராகவே போய் ஒட்டும். அந்தப் பெப்டைடைச் செல்லே தயாரித்துக்கொள்ளும்படியும் செய்யலாம், டிஎன்ஏ இழையில் அது நடக்காது.

இரண்டுக்கும் இடைப்பட்டது, யுங்மன் குழுவினர் 2020-ல் வெளியிட்ட பெப்டைடு-பெயின்ட். ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும் இரண்டு சுருள்கள்: ஒன்றில் குளுட்டமேட் என்ற அமினோ அமிலம் நிறைய, மற்றதில் லைசின் என்ற அமினோ அமிலம் நிறைய. எதிர் மின்னேற்றம் என்பதால் இழுத்துக்கொள்கின்றன. சுருளின் நீளத்தைக் குறைத்தால் பிடி தளர்கிறது. சுருள்களின் கோணங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எந்தத் திருப்பம் பெப்டைடுக்கு இயலும், எது இயலாது என்று 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் சகாக்களும் வரைந்து காட்டிய படத்தைத்தான் திறந்து வைத்துக்கொள்கிறோம்.

என் புரதத்துக்குப் பெப்டைடு எங்கே தேடுவது?

முதலில் இயற்கையிடம். உங்கள் புரதம் செல்லுக்குள் யாரோடெல்லாம் ஒட்டுகிறது என்று பாருங்கள். அந்தக் கூட்டாளிப் புரதத்தில் உண்மையில் ஒட்டுகிற பகுதி பலசமயம் பத்து இருபது அமினோ அமிலம்தான். லைஃப்ஆக்ட் அப்படி வந்ததே. ஹெச்எஸ்பி90 என்ற புரதத்தின் கடைசி ஐந்து அமினோ அமிலங்கள் இன்னொரு எடுத்துக்காட்டு. அந்த ஐந்து போதும், சில புரதங்கள் வந்து பிடித்துக்கொள்ளும்.

ஃபேஜ் டிஸ்ப்ளே செய்கிறவர்கள் பக்கத்து ஆய்வகத்தில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். கோடிக்கணக்கான பெப்டைடுகளை வைரஸின் மேல் காட்டி, கழுவக் கழுவ எது நிற்கிறது என்று பொறுக்குவது அவர்கள் முறை. நமக்கு வேண்டியதோ அவர்கள் கழுவிக் கொட்டியது. பலமாக ஒட்டாததால் பட்டியலில் கீழே போனவற்றை ஒரு கண் பார்த்துவிட்டுத் தூக்கிப்போடச் சொல்லுங்கள்.

உயிருள்ள செல்லில் செய்ய முடியுமா?

முடியும். 2020-ல் எடின்பரோவில் லின் ரீகன், மேத்யூ ஹாரக்ஸ் குழுக்கள் லைவ்-பெயின்ட் என்று ஈஸ்ட் செல்லில் செய்துகாட்டின. பார்க்க வேண்டிய புரதத்தோடு ஒரு சின்னப் பெப்டைடை மரபணு வழியாக ஒட்டிவிடுகிறார்கள். அதைப் பிடிக்கும் ஜோடியை ஒளிரும் புரதத்தோடு இணைத்து, அதே செல்லிலேயே மிகக் குறைவாகத் தயாரிக்க வைக்கிறார்கள். வெளியிலிருந்து எதையும் ஊற்ற வேண்டாம். பெரிய ஒளிரும் புரதத்தை நேரடியாகச் சுமந்தால் முடமாகிவிடும் புரதங்களுக்கு இது பெரிய நிம்மதி. சிரமம் என்னவென்றால், நானோமோலார் செறிவு என்பதைப் பிப்பெட்டால் அளந்து ஊற்றாமல் புரொமோட்டரை (மரபணு எவ்வளவு வேலை செய்யும் என்பதைக் கட்டுப்படுத்தும் டிஎன்ஏ பகுதி) வைத்துத் தீர்மானிக்க வேண்டும். செல்லுக்குச் செல் அது மாறும்.

பல நிறங்களில் எடுக்கலாமா?

பல நிறம் தேவையே இல்லை. முதல் பெப்டைடைக் கழுவிவிட்டு அடுத்ததை அதே சாயத்தோடு விடுங்கள். பலவீனமான பிணைப்பு என்பதால் இரண்டு மூன்று முறை பஃபர் மாற்றினாலே போய்விடும். நிறத்துக்கு நிறம் லென்ஸ் படத்தைத் தள்ளிப்போடும் தொல்லையும் இல்லை.

புள்ளிகள் மின்னுகின்றன, ஆனால் அணையவே மாட்டேன் என்கின்றன. ஏன்?

நான் ஒரு மாதம் வீணாக்கிய கேள்வி இது. ஆக்டினைக் கலையாமல் பிடித்துவைக்க குளுட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருள் நல்லது என்று அதில் ஃபிக்ஸ் செய்தேன், அதாவது செல்லை அப்படியே உறையவைத்தேன். பெப்டைடை விட்டதும் புள்ளிகள் வந்தன, அழகாகக் கூடிக்கொண்டே போயின, அரைமணியில் திரை முழுக்க நட்சத்திரம். லேசர் சுட்டு வெளுத்தால்தான் அணைந்தன. பிழை பெப்டைடில் என்று நினைத்துப் புதிதாக வரவழைத்தேன். அதிலும் அதே கதை.

காரணம் எளிது. குளுட்டரால்டிஹைடுக்கு இரண்டு கை. ஒரு கை செல்லின் புரதத்தைப் பிடித்தபின் மறுகை சும்மா நீட்டிக்கொண்டு நிற்கிறது. அது லைசினைத் தேடும். லைஃப்ஆக்டில் மூன்று லைசின் இருக்கின்றன. வந்த பெப்டைடு நிரந்தரமாக மாட்டிக்கொண்டது. ஃபிக்ஸ் செய்தபின், அந்தச் சும்மா நிற்கும் கையை முடக்க, சோடியம் போரோஹைட்ரைடில் ஏழெட்டு நிமிடம் வைத்துக் கழுவிய தட்டில் மறுநாளே புள்ளிகள் எரிந்து அணைந்தன. போரோஹைட்ரைடை அப்போதைக்கப்போது கரைத்துப் பயன்படுத்துங்கள். குமிழி விடாத பழைய கரைசலால் பயனில்லை.

ஒட்டுவது என் புரதத்தில்தான் என்று எப்படி உறுதி செய்வது?

மூன்று சோதனை இல்லாமல் யார் படத்தையும் நான் நம்புவதில்லை. அதே அமினோ அமிலங்களை வரிசை குலைத்துக் கோத்த பெப்டைடை விட்டுப் பாருங்கள், புள்ளிகள் அனேகமாக மறைய வேண்டும். இரண்டாவது, சாயம் இல்லாத பெப்டைடை அதிகமாகச் சேர்த்தால் போட்டியில் ஒளிர்வு குறைய வேண்டும். இங்கே பலர் 100 நானோமோலார் சேர்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள். பிணைப்பே 1 மைக்ரோமோலார் என்றால் இடங்களை நிரப்ப 50 மைக்ரோமோலாராவது வேண்டும். மூன்றாவது, லேசரைப் பாதியாகக் குறையுங்கள். புள்ளி எரியும் நேரம் நீண்டால் நீங்கள் அளந்தது பெப்டைடு விலகும் நேரமல்ல, சாயம் வெளுக்கும் நேரம்.

நார்கள் எல்லாம் ஒரே திசையில் இரட்டையாகத் தெரிகின்றன.

தட்டு நகர்ந்திருக்கிறது. அரைமணி நேரத்தில் சில நூறு நானோமீட்டர் நகர்வது சகஜம். அதனால்தான் கண்ணாடியில் தங்கத் துகள்களை முன்கூட்டியே ஒட்டி, அவை நகர்ந்த அளவைப் படத்திலிருந்து கழிக்கிறோம். எங்கள் அறையின் நகர்வுக் கோட்டை வரைந்து பார்த்தபோது அது கடல் அலை மாதிரி ஏறி இறங்கியது. அலைக்கு அலை இடைவெளியைக் கடிகாரத்தில் பார்த்தோம். ஏசியின் கம்ப்ரசர் ஓடி நிற்கும் இடைவெளியும் அதுவும் ஒன்றே. காற்று நேராகத் தட்டில் விழாமல் ஒரு அட்டையை மறைப்பாக வைத்தபின் அலை பெருமளவு அடங்கியது. அந்த அட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறது, தயவுசெய்து எடுக்காதீர்கள்.

லைஃப்ஆக்ட் காட்டாத இடத்தில் ஆக்டின் இல்லை என்று எழுதலாமா?

கூடாது. கோஃபிலின் என்ற புரதம் போர்த்தியிருக்கும் ஆக்டின் நாரில் லைஃப்ஆக்டுக்கு இடமில்லை, இரண்டும் ஒட்டும் இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று வருகின்றன. நாராகச் சேராத தனி ஆக்டினை லைஃப்ஆக்ட் இன்னும் பலமாகவே பிடிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். எந்தப் பெப்டைடாக இருந்தாலும், அது எந்த மேற்பரப்பில் உட்காருகிறது, அங்கே வேறு யார் உட்காருவார்கள் என்று தெரிந்துகொண்டபின் படத்தைப் படியுங்கள்.

கட்டுரையில் தெளிதிறன் (படத்தில் பிரித்துப் பார்க்க முடிந்த மிகச்சிறிய இடைவெளி) எத்தனை நானோமீட்டர் என்று எழுதுவது?

மென்பொருள் தரும் மையப் பிழையை அப்படியே தெளிதிறன் என்று எழுதாதீர்கள். பிழை 6 நானோமீட்டர் என்றால், ஒரு மூலக்கூறு படத்தில் 14 நானோமீட்டர் அகலமாகத் தெரியும். அதோடு புள்ளிகளின் நெருக்கமும் கணக்கு. 20 நானோமீட்டர் விவரம் வேண்டுமென்றால் 10 நானோமீட்டருக்கு ஒரு புள்ளியாவது விழுந்திருக்க வேண்டும். ஃப்ரேம்களை இரண்டு பாதியாகப் பிரித்து, இரண்டு படமும் எந்த அளவு நுணுக்கம் வரை ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது நேர்மையான வழி. யுங்மன் குழு இலவசமாகத் தரும் பிகாசோ மென்பொருள் மையம் காண்பதிலிருந்து நகர்வு திருத்துவது வரை எல்லாம் செய்யும்.

பெப்டைடு வாங்கினால் எவ்வளவு வாங்குவது, எப்படி வைப்பது?

1 மில்லிகிராம் போதும் என்றால் யாரும் நம்புவதில்லை. சாயத்தோடு சேர்ந்த லைஃப்ஆக்டின் மூலக்கூறு எடை 2,600 சொச்சம். அரை மில்லிலிட்டரில் 1 நானோமோலார் என்று கணக்கிட்டால் அந்த 1 மில்லிகிராம் ஏழு லட்சம் தடவைக்கு மேல் வரும். ஓய்வு பெறும்வரை தீராது. தீராவிட்டாலும் கெட்டுப்போகும். ஆகவே தூளாகவே −20 டிகிரியில் ஈரம் படாமல் வைத்து, கரைத்ததைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறைய வையுங்கள். ஒரு குழாயை உருக்கினால் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

நீர்த்த கரைசலை முதல்நாளே தயாரித்து வைக்க வேண்டாம். 1 நானோமோலார் என்று எழுதி ஒட்டிய சாதாரண பிளாஸ்டிக் குழாயில் ஓர் இரவு கழித்து மிஞ்சியிருப்பது அதில் பாதியா கால்வாசியா என்று சொல்ல முடியாது. மீதி குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும். புரதம் ஒட்டாத வகைக் குழாயில், பஃபரில் கொஞ்சம் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் ஆல்புமின் புரதம்) சேர்த்து, தட்டு மைக்ரோஸ்கோப்பில் ஏறியபின் நீர்த்துக்கொள்ளுங்கள்.